சக்கர கிளப்புக்கு மாடி அறை

ஜூன் 8, 2015. திங்கள்

காலை முதல் சாரல். கடையில் ஜெராக்ஸ் பேப்பர் நமுத்துப்போய் மிஷினில் சிக்கிக்கொண்டே இருந்தது. மனு டைப் அடிக்க மூன்று பேர். மதியம் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு, எங்கள் கிளப் கூடும் பொதுப் பட்டறைக்குப் போனேன், அருளப்பனுக்காக நாங்கள் செய்யும் வண்டிக்கு வாங்கிய செயினை வைத்துவிட்டு வரலாம் என்று.

வண்டி இல்லை. எங்கள் அலமாரியும் இல்லை. அது நின்ற இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக. அதில் ஒரு காகிதம்: "வரும் வியாழன் முதல் சக்கர கிளப் மாடி அறையில் கூடும். கீழ் ஹால் ட்ரோன் கிளப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. செயலாளர்."

மாடி. எங்களுக்கு.

எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று எங்கள் கிளப் ஆட்களை எழுதிப் பார்க்கிறேன்:

நான், ரூபி. இடது காலில் போலியோ. காலில் மாட்டும் இரும்புக் காலிப்பர், ஊன்றுகோல்.
தங்கம், டெய்லர். இரண்டு காலும் போலியோ. கையை ஊன்றி நகர்வாள். சுசீந்திரத்திலிருந்து பஸ்.
அருளப்பன், குளச்சல். பாறையில் விழுந்து முதுகு ஒடிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.
முருகேசன், வெல்டர். நல்ல கால்கள், இரண்டும்.
சைமன். ஐந்து கையெழுத்து இருந்தால்தான் கிளப் என்பதால் பிடித்துப்போட்ட ஆள். சவூதி போய் எட்டு மாதம்.

படி ஏறக்கூடியவர் ஒருவர். சவூதியில் இருப்பவரையும் சேர்த்தால் இரண்டு.

கீழே நின்று படிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. நடுவில் ஒரு திருப்பம். கைப்பிடி கிடையாது.

செயலாளர் ஜோயலுக்கு நான்கு முறை போன். எடுக்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

கோபத்தில் காலையில் தோசை தீய்ந்தது. கடைக்குப் போகும் வழியில் பட்டறையில் இறங்கி, சுவரில் மாட்டியிருக்கும் விதிகளை நகல் எடுத்துக்கொண்டேன். எவனும் ஒழுங்காகப் படித்ததில்லை. நானும்தான்.

1. ஐந்து உறுப்பினர் கையெழுத்திட்டால் ஒரு கிளப்.
2. ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் அலமாரி, வாரத்தில் ஒரு மாலை. பொது மிஷின்கள் எல்லோருக்கும்.
3. உறுப்பினர் சந்தாவில் கால் பங்கு அவர் சொல்லும் கிளப்புக்கு. மீதி வாடகை, கரண்ட், மிஷின் பராமரிப்பு.
4. வெளியார் நன்கொடைக்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும்.
5. பத்துப் பேர் எழுதிக் கேட்டால் ஒரு வாரத்துக்குள் பொதுக்குழு.
6. ஓட்டு, சேர்ந்து ஆறு மாதம் ஆனவர்களுக்கு.

நாலாவது விதியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது.

இந்த விதிகளை எழுதியதே ஜோயல்தான். எட்டாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு. மஸ்கட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்து, பார்வதிபுரத்தில் இந்தப் பழைய கயிற்றுக் குடோனை வாடகைக்குப் பிடித்தான். "ஆளுக்கு ஒரு டிரில்லிங் மிஷின் வாங்க முடியாதுட்டி, ஆனா நூறு பேருக்கு ஒண்ணு வாங்கலாம்" என்று கடைகடையாக ஏறிச் சொன்னான். தச்சு கிளப், ரேடியோ கிளப், தையல் கிளப் எல்லாம் பிறகு வந்தவை. முதல் கிளப் எங்களுடையது, நடக்க முடியாதவர்களின் வண்டிகளுக்கு. என் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் மாட்டியதிலிருந்து தொடங்கியது.

அவன் எனக்கு மாடி ஒதுக்குகிறான்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், கிரீஸ், தலைவலி மாத்திரை.

ஜூன் 11, வியாழன்

எழுதியே ஆகவேண்டும்.

ஐந்து மணிக்குப் போனோம். கீழ் ஹால் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். புது மேசை, புது விளக்கு. முன்சுவரில் பெயர்ப்பலகைக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்த கல்லூரியின் பெயர் வருமாம். அந்தக் கல்லூரி லெக்சரர்தான் ட்ரோன் கிளப் கன்வீனர். இஸ்திரி போட்ட சட்டை. எங்களைப் பார்த்துச் சிரித்தார், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

ஜோயல் படியில் நின்றான்.

"ஏட்டி ரூபி, எதுக்கு இவ்வளவு டென்ஷன்? நாலு பயலுவள நிறுத்தியிருக்கேன். வியாழக்கிழம தோறும் தூக்கிட்டு போவானுவ, தூக்கிட்டு வருவானுவ."

"நாங்க என்ன அரிசிச் சாக்கா லே?"

"ஒன்னய ஆரு அப்பிடி சொன்னா? கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணு."

அருளப்பன் என் கையைத் தொட்டார். "நான் போறேன் பிள்ளே. வண்டி முடியணும்லா."

அவருக்கு வேறு வழி இல்லை. முன்பு குளச்சல் கடற்கரையில், கடப்புறத்தில், மீன் ஏலம் விளித்தவர். குரல் எடுத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். முதுகு ஒடிந்து இரண்டு வருடம் வீட்டில் கிடந்தார். இந்த மாதம் 29, பேதுரு திருநாளுக்குள் தனியாகக் கடப்புறத்துக்கு வந்து நின்றால் பழைய வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மீனவர் சங்கத் தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் இந்த வண்டி. மணலில் புதையாத அகல டயர், கையால் இழுத்துத் தள்ளும் லிவர். எங்கும் விற்காத வண்டி. முக்கால்வாசி முடித்துவிட்டோம். அதைத்தான் மாடியில் கொண்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பையன்கள் அவரைத் தூக்கினார்கள். கெட்ட பையன்கள் இல்லை. தூக்கத் தெரியாத பையன்கள். திருப்பத்தில் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நழுவியது. தொடையோடு கட்டியிருந்த மூத்திரப்பை ஹாலில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் பட்டது. அவர் இரண்டு கையாலும் அதை மறைத்தார். மறைக்கக் கையை எடுத்ததால் பையன்களின் கழுத்தைப் பிடிக்க முடியவில்லை. சரிந்தார். முருகேசன் ஓடிப்போய் முதுகைத் தாங்கினார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட யாரையாவது அறைந்திருப்பேன். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அருளப்பன் மேலே ஒரு மணி நேரம் செயின் மாட்டினார். முருகேசன் சொன்னார். இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நானும் தங்கமும் ஏறவில்லை. கீழே வாசலில் உட்கார்ந்திருந்தோம். மழை.

ஜூன் 13, சனி

கன்வீனர்கள் கூட்டம். வாசலில் பெஞ்சு போட்டு நடத்தினார்கள், எனக்காகவாம். பெரிய உபகாரம்.

நாலாவது விதியைப் படித்தேன். கல்லூரிப் பணத்துக்குப் பொதுக்குழு எப்போது ஒப்புதல் கொடுத்தது?

ஜோயல் முகத்தைத் துடைத்தான். "அவசரம். பொறவு ஒப்புதல் வாங்கலாம்னு இருந்தேன்."

லெக்சரர்: "மேடம், எங்க கிளப்ல நாற்பது பேர். உங்க கிளப்ல நடைமுறையில நாலு பேர். ஸ்பேஸ் யூட்டிலைசேஷன் பாக்கணும் இல்லையா?" ஊர்த் தமிழ் இல்லை அவருடையது. எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை.

தச்சு கிளப் தாணு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர் சந்தாவில் முக்கால் பங்கு வாடகைக்கு வருகிறது. அதனால் அவர் கிளப்புக்கும் லாபம். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஜோயல் கடைசியில் சொன்னது: "ஒனக்க கிளப்புக்கு வரும்படியே இல்லட்டி. எல்லாம் ஓசிக்குச் செஞ்சு குடுக்கிய. ஒரு பட்டறய ஓட்ட என்ன பாடுன்னு ஒனக்குத் தெரியுமா?"

ஓசி. இதுவரை பதினேழு வண்டிகள் சரிசெய்து கொடுத்திருக்கிறோம். ஓசி.

வீடு வந்து ஒரு தட்டை உடைத்தேன். நல்ல தட்டு.

ஜூன் 18, வியாழன்

இன்று என்ன செய்தோம் என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

மாலை 4.45. ஜோயல் மாடி ஆபீஸுக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனோம். தங்கம் முதல் படியில். நான் இரண்டாவது படியில், காலிப்பரை நீட்டிவைத்து. அருளப்பன் சக்கர நாற்காலியைப் படியின் வாயில் குறுக்காக நிறுத்திக்கொண்டார். முருகேசன் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை மேலேயிருந்து இறக்கி எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, ஒரு பழைய மூன்று சக்கர வண்டியின் பெடலைக் கழற்ற ஆரம்பித்தார். சக்கர கிளப்பின் வியாழக்கிழமைக் கூட்டம் தொடங்கியது.

ரேடியோ கிளப் ஆட்கள் இரண்டு பேர் மாடிக்குப் போக வந்தார்கள். நின்று பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

லெக்சரர் வந்தார். "மேடம், இது பாதை."

"ஆமா சார். எங்களுக்கு ஒதுக்கின எடத்துக்குப் போற பாதை. இவ்வளவு தூரந்தான் வர முடிஞ்சுது. அதான் இங்கனயே இருந்துட்டோம்."

தங்கம் பக்கென்று சிரித்துவிட்டாள்.

ஆறரைக்கு ஜோயல் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "ரூபி, வழி விடு. எனக்கு தக்கலைக்கு பஸ் இருக்கு."

"எறங்கி வா."

"எப்பிடி எறங்க?"

"நாலு பயலுவள நிறுத்தியிருக்கியே. தூக்கிட்டு வருவானுவ."

ட்ரோன் ஒன்று மட்டும் எங்கோ மூலையில் கொசு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

ஏழேகால் வரை அவன் மேலேயே இருந்தான். ஏழேகாலுக்குத் தங்கத்தின் கடைசி பஸ் நேரம் வந்ததால் நாங்கள்தான் எழுந்தோம். அவன் இறங்கி, என்னைத் தாண்டிப் போகும்போது மெல்லச் சொன்னான்: "எல்லார் முன்னயும் எனக்க மானத்த வாங்கிட்ட."

"அருளப்பனுக்க மானம் போன வாரம் போச்சு. அப்போ நீ எங்க பாத்துட்டு நின்ன?"

வெளியே போய்விட்டான்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஜூன் 19, வெள்ளி

காலையில் ஜோயலிடமிருந்து எஸ்.எம்.எஸ். பின்பக்க ஷெட்டை எங்களுக்குத் தரலாமாம். முன்பு ஜெனரேட்டர் வைத்திருந்த இடம். தகரக் கூரை, ஒரு பல்பு, போகிற வழி முழுக்கச் சேறு. இந்த மழையில் அருளப்பனின் நாற்காலி அச்சுவரை இறங்கிவிடும்.

தங்கத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

"கெடைக்கத வாங்கிக்கிடலாம் அக்கா."

"என்ன பிள்ள பேசுத?"

"நீங்க ஸ்கூட்டர்ல வாறிய, போறிய. நான் ரெண்டு பஸ்சு ஏறி எறங்கணும். ஒவ்வொருத்தரும் எனக்க மேல கால் படாம தாண்டிப் போறதுக்குள்ள எனக்கு உயிரு போவுது. நேத்து அந்தப் படியில இருந்தேன்லா, அதுவும் அப்பிடித்தான் இருந்துது. எனக்கு சண்ட வேண்டாம். தைக்கதுக்கு ஒரு எடம் போதும். சீட் உறை நாலு பாக்கி கெடக்கு."

நான் கத்தினேன். உன்னை மாதிரி ஆட்களால்தான் நம்மை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப்போடுகிறார்கள் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவளுக்கும் எனக்கும் ஒரே நோய் என்பதால் ஒரே வாழ்க்கை என்று நினைத்துவிட்டேன். பஸ் தரையில் உட்கார்ந்து போனதில்லை நான்.

ஆனாலும் ஷெட் வேண்டாம். பத்துக் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். மாலைக்குள் பதினொன்று. தையல் கிளப் பெண்கள் ஆறு பேர், ரேடியோ கிளப்பில் மூன்று, முருகேசன், நான். தங்கத்திடம் கேட்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

பொதுக்குழு, மூன்று மணி. சர்ச் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே போனேன். சாப்பிடவில்லை. ஓட்டுள்ளவர்கள் முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மாணவர்கள் சேர்ந்து இரண்டு மாதம்தான், ஓட்டு இல்லை. சுவரோரம் நின்றார்கள்.

என் தீர்மானம்: படி ஏற முடியாதவர் உள்ள கிளப் கீழேதான் கூடும். கீழ் ஹால் எந்த ஒரு கிளப்புக்கும் சொந்தமில்லை. நன்கொடை கொடுத்தவர் பெயர் ஹாலுக்கு வேண்டாம்.

லெக்சரர் நன்றாகப் பேசினார். வளர்ச்சி, வாய்ப்பு, மாவட்டத்துக்கே பெருமை.

பிறகு ஜோயல் எழுந்தான். மைக் இல்லை, குரல் எழும்பவில்லை. "மூணு மாசமா வாடக எனக்க கையிலேருந்து போவுது. மஸ்கட் காசு தீந்துபோச்சு. வீட்ல சொல்லல. அதான் இவங்க வந்து கேட்டப்போ யாருட்டயும் கேக்காம வாங்கினேன். ஹால முழுசா கேட்டாங்க. குடுத்தேன்."

யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் கோபம் இறங்கவில்லை, கூடியது. எழுந்து கத்தினேன்.

"ஏன் லே சொல்லல? நூறு பேருக்க பட்டறன்னு சொன்னது நீதான. கஷ்டம் மட்டும் ஒனக்குத் தனியாவா? நீ வாயத் தொறந்திருந்தா கிளப்பு பங்க ஒரு வருசம் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்போம். நீ என்ன செஞ்ச? ஆரு சத்தம் போட மாட்டான்னு பாத்து அவன மேல தூக்கி வச்ச."

ஜோயல் உட்கார்ந்துவிட்டான்.

அருளப்பன் கையை உயர்த்தினார். வாதம் செய்ய அல்ல. "ஓட்டு எடுங்க" என்றார். அவ்வளவுதான். ஹால் அதிர்ந்தது.

தீர்மானத்துக்கு ஆதரவு 21. எதிர்ப்பு 16. ஜோயல் யாருக்கும் போடவில்லை.

தங்கம் வந்திருந்தாள். கை தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

லெக்சரர் மாட்டாத பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டு போனார். மாணவர்கள் அவர் பின்னால். புது மேசைகளுக்கு நாளை வண்டி வருமாம்.

முருகேசனும் தையல் கிளப் பெண்கள் இரண்டு பேரும் அருளப்பனின் வண்டியை இருபத்திரண்டு படி இறக்கினார்கள். தாணு அண்ணன் எதிர்த்து ஓட்டுப் போட்டவர். அவரும் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

ஜூன் 22, திங்கள்

வெயில். கடையில் கூட்டம்.

தாணு அண்ணன் ஆதார் நகல் எடுக்க வந்தார். காசைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு படிக்கட்டுக்கு வேண்டி பட்டறயவே மூட வச்சிட்டியேம்மா."

"மூடினா மூடட்டும்" என்றேன்.

அவர் போன பிறகு யோசித்தேன். மூடினால் என் ஸ்கூட்டருக்கு அச்சு ஒடிந்தால் எங்கே போவேன்? தையல் கிளப் பெண்கள் பள்ளிச் சீருடை ஆர்டர் எடுத்திருக்கிறார்கள், எங்கே தைப்பார்கள்? எனக்காகக் கை தூக்கியவர்கள் அவர்கள். ஜோயல் ராஜினாமா கொடுத்துவிட்டானாம். ரேடியோ கிளப்பில் யாரோ சொன்னார்களாம்: "நொண்டிக்கு நல்ல நாக்கு." என் காதில் விழட்டும் என்றே சொல்லியிருப்பார்கள்.

நாக்கு நல்ல நாக்குதான்.

ஜூன் 25, வியாழன்

கன்வீனர்கள் கூடினோம், கீழ் ஹாலில், காலியான ஹாலில். முடிவு: ஒரு வருடத்துக்குக் கால் பங்கு எந்தக் கிளப்புக்கும் இல்லை, எல்லாம் வாடகைக்கு. ஒவ்வொரு கிளப்பும் மாதம் ஒரு சனிக்கிழமை வெளியாருக்குக் கூலிக்கு வேலை செய்யும். நாற்காலி, ரேடியோ, தையல். சக்கர கிளப்பும். தாணு அண்ணன்தான் முதலில் சரி என்றார். போதுமா என்று யாருக்கும் தெரியாது. அக்டோபர் வரை ஓடும் என்று ஒரு கணக்கு.

தங்கம் சீட் உறையோடு வந்தாள். "அன்னைக்கு பேசுனதுக்கு..." என்று நான் தொடங்கினேன். "நூல பிடிங்க அக்கா" என்றாள். பிடித்தேன்.

ஆறு மணிக்கு ஜோயல் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றான். செயலாளராக இல்லாமல் அவனைப் பார்ப்பது புதிதாக இருந்தது. அருளப்பனிடம் நேரே போய்க் குனிந்தான்.

"அண்ணே, அன்னைக்கு நான் ஓடி வந்து பிடிச்சிருக்கணும்."

அருளப்பன் லிவரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நட்டு லூசு. ஸ்பேனர் எடு மக்கா."

ஜோயல் எடுத்துக் கொடுத்தான். எட்டு மணி வரை வண்டியின் கீழே மல்லாந்து கிடந்தான். சட்டையெல்லாம் கிரீஸ்.

நான் அவனிடம் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். அவன் டீ வாங்கி வந்தான், குடித்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

கடையைத் திறக்கவில்லை. விடியும்முன் குளச்சல்.

வண்டி வெள்ளிக்கிழமையே டெம்போவில் போய்விட்டது. அருளப்பன் சனிக்கிழமை தனியாகக் கடப்புறம் போய் நின்றிருக்கிறார். திருநாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே. நேற்று திருநாள், கடலுக்கு யாரும் போகவில்லை. இன்று வேலை என்று நினைத்தால், நேற்று மாலை ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள்: வேறு ஒருவனை வைத்தாயிற்று.

நான் கத்தத் தயாராகப் போனேன். வழி முழுக்க வசனம். ஸ்கூட்டரை மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஊன்றுகோல் புதையப் புதைய நடந்தேன்.

சங்கத் தலைவர் கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தில் சாய்ந்து நின்றார். "அருளப்பனுக்கு ஒரு கொறவும் வராது டீச்சரே. சங்கத்துலேருந்து மாசம் ஒரு சகாயம் குடுக்கலாம்னு பறஞ்சாச்சு." நான் டீச்சர் இல்லை.

"சகாயம் ஆரு கேட்டா? அவரு சனிக்கிழம இங்க வந்து நின்னாரா இல்லியா?"

"நின்னான். நின்னா போதுமா? கூட்டத்துல இடிபட்டு விழுந்தா ஆரு பொறுப்பு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அருளப்பன்: "பிள்ளே, நீ பைய இரி. இத நான் பாத்துக்கிடுதேன்."

லிவரை இழுத்தார். ஈர மணலில் வண்டி ஒரு இடத்தில் திணறியது. தள்ள வந்த ஒருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பின்னுக்கு எடுத்து, வளைத்து, மேலே வந்தார்.

அப்போதுதான் கரையேறிய வள்ளம் ஒன்றில் சாளை மீன். இரண்டு கூடை கொட்டியிருந்தார்கள். புது ஏலக்காரன் தூரத்தில் நெத்திலிக்கு விளித்துக்கொண்டிருந்தான், சாளைப் பக்கம் ஆள் இல்லை. அருளப்பன் அந்தக் குவியலுக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்தினார். வள்ளக்காரனைப் பார்த்தார். அவன் சங்கத் தலைவரைப் பார்த்தான். பிறகு மீனைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினான்.

அருளப்பன் விளித்தார்.

நெத்திலியைச் சுற்றி நின்ற வியாபாரிகள் திரும்பினார்கள். முதலில் இரண்டு பெண்கள் மீன் சுமக்கும் சருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு சைக்கிள்காரர்கள். அப்புறம் எனக்கு அவர் தலை தெரியவில்லை, சுற்றிலும் முதுகுகள், குரல் மட்டும்.

முதல் விலை கேட்டது சங்கத் தலைவரின் மைத்துனனாம்.